யாரும் சுட்டிக்காட்டாத தவறுகள்

ஜப்பானில் கிஃபு மாகாணத்தைச் சேர்ந்த தக்காயாமா என்ற மலைநகரத்தில், ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்திவந்த சிறு விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினேன். அத்தகைய விடுதியை அங்கே மின்ஷுக்கு என்கிறார்கள். முதல் நாள் காலை, மரத்தளம் போட்ட உணவுக்கூடத்துக்குள் நான் நுழைந்தபோது, முன்னரே அமர்ந்திருந்த மூன்று விருந்தினர்களும் ஒரே நேரத்தில் தங்கள் சூப்புக் கிண்ணங்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். விடுதி நடத்திய அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று ஒரு ஜோடி பழுப்பு நிறச் செருப்புகளை எடுத்துவந்தார். முழங்காலிட்டு அவற்றை என் முன்னால் நேராக வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். அப்போதுதான் நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். நீல நிற ரப்பர் செருப்புகள். இரண்டின் மேற்புறத்திலும் 'டாய்லெட்' என்ற சொல் பெரிய ஆங்கில எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. கழிவறைக்கு உள்ளே மட்டும் அணியவேண்டிய செருப்போடு, தாழ்வாரம் முழுவதையும் கடந்து, பிறர் சாப்பிடும் இடம்வரை வந்துவிட்டிருந்தேன்.

அந்த அம்மையார் புன்னகை மாறாமல் நீலச் செருப்புகளை எடுத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் தாழ்வாரத்திலிருந்து ஈரத்துணி தரையில் உராயும் ஓசை கேட்டது. அவர் என்னைக் கடிந்துகொண்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அயல்நாட்டுப் பயணங்களில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவற்றை எவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நம்முடைய மரியாதைக் குறைவை மறைத்துவிடுவது எதிரில் இருப்பவரின் மரியாதை. அதனால் பயணி கற்றுக்கொள்ளவேண்டிய முதல் மொழி, அந்த மௌனத்தையும், திருப்பிக்கொள்ளும் பார்வையையும், பின்னால் கேட்கும் துடைப்புத் துணியின் ஓசையையும் புரிந்துகொள்வதுதான் என்று இப்போது எண்ணுகிறேன்.

இத்தனைக்கும் நான் ஆயத்தமில்லாமல் போனவன் அல்ல. வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும், உணவுக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, ரயிலில் கைப்பேசியில் பேசக் கூடாது என்று ஒரு நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன். பட்டியலின் குறை, அதில் இல்லாத சூழல் ஒன்று எதிர்ப்பட்டவுடன் அது நம்மைக் கைவிட்டுவிடுவதுதான். ஜப்பானிய வீட்டில் வாசலை ஒட்டித் தாழ்வாக அமைந்த கென்கான் என்ற பகுதியோடு தெரு முடிந்துவிடுகிறது. அங்கே காலணியைக் கழற்றி, உயர்ந்த தளத்தில் ஏறி, வீட்டுச் செருப்பை அணிகிறோம். தத்தாமி எனப்படும் கோரைப்பாய் விரித்த அறையின் விளிம்பில் அந்தச் செருப்பையும் விட்டுவிட்டுக் காலுறையோடு நுழைகிறோம். கழிவறைக்கோ தனிச் செருப்பு. காரணம் எளியது. அந்த வீட்டில் தரைதான் இருக்கை. இரவில் அதுவே படுக்கை. ஆகவே, எந்தத் தளத்தில் எவ்வளவு தூய்மை வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இந்த ஒரு காரணத்தைப் புரிந்துகொண்டிருந்தால் செருப்பு விதி, பாய் விதி, கழிவறை விதி என்று மூன்றாகப் பிரித்து நினைவில் வைக்கவேண்டிய தேவையே இருந்திருக்காது.

காரணம் தெரியாததால் அதே விடுதியில் இன்னும் இரண்டு பிழைகளைச் செய்தேன் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தெருவில் உருட்டிவந்த சக்கரப் பெட்டியை அப்படியே பாயின்மேல் உருட்டிச் சென்றது முதலாவது. காலணியைக் கழற்றியவன் அதே தெருப் புழுதி படிந்த சக்கரங்களை உள்ளே கொண்டுபோனேன். பெட்டியைத் தூக்கிச் சென்று, மரத்தளத்தில் அல்லது ஒரு துணியை விரித்து அதன்மேல் வைப்பதுதான் முறை. அறையின் ஒரு மூலையில் சற்றே உயர்ந்த மேடையும் அதன்மேல் ஒரு தொங்கோவியமும் இருந்தன. பெட்டி வைப்பதற்கென்றே கட்டியதுபோல் வசதியாக இருந்ததால் என் தோள்பையை அங்கே வைத்தேன். அது தொக்கோனோமா, ஓவியமோ பூவோ வைத்துப் பார்ப்பதற்கு மட்டுமே உரிய இடம், அறையிலேயே மிகவும் மதிப்புக்குரியது. மாலையில் நான் திரும்பியபோது என் பை சுவரோரம் ஒரு சிறு மெத்தையின்மேல் உட்காரவைக்கப்பட்டிருந்தது. அதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உணவு மேசையில் நடந்தது இதைவிடக் கனமானது. என்னுடன் பயணம் செய்த நண்பருக்கு ஒரு துண்டு வறுவலைக் கொடுக்க என் குச்சியை நீட்டினேன். அவர் தம் குச்சியால் அதை வாங்கிக்கொண்டார். எதிரில் இருந்த முதியவர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். ஜப்பானில் உடலை எரியூட்டிய பின்னர் உறவினர்கள் எலும்புகளைக் குச்சிகளால் எடுத்து, ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு மாற்றிக் கலத்தில் இடுகிறார்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துவதும் இறந்தவருக்குப் படைக்கும் கிண்ணத்தில்தான். எனவே இவை வெறும் பந்தி நாகரிகம் சார்ந்த விதிகள் அல்ல. சாப்பிடும் இடத்தில் ஒரு சாவு வீட்டை நினைவூட்டிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. விடுதியில் தரும் யுகாத்தா என்ற மெல்லிய அங்கியை அணியும்போதும், அணிபவரின் இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வலப்பக்கம் மேலே வரும்படி உடுத்துவது சடலத்துக்கு. கண்ணாடி முன்னால் ஒரு நொடி நின்று சரிபார்த்துக்கொண்டால் போதும். உணவைப் பகிர விரும்பினால் சிறு தட்டில் எடுத்து வைத்து, தட்டோடு நகர்த்திவிடலாம்.

வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குளத்தில் இறங்குமுன் தாழ்வான முக்காலியில் அமர்ந்து சோப்பிட்டு முழுவதும் குளித்து முடிக்க வேண்டும். குளம் ஊறி இளைப்பாறுவதற்கே தவிர அழுக்குத் தேய்ப்பதற்கு அன்று. சிறு துண்டை நீரில் நனைக்காமல் தலையிலோ கரையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். உடலில் பச்சை குத்தியிருப்பவர்களைச் சில இடங்களில் அனுமதிப்பதில்லை. போகுமுன் கேட்டுவிடுவது நல்லது.

என்னை அதிகமாகக் குழப்பியது 'முடியாது' என்று சொல்லும் முறை. இரவு உணவை ஆறு மணிக்குப் பதிலாக எட்டு மணிக்குத் தர இயலுமா என்று அந்த விடுதிக்காரரிடம் கேட்டேன். அவர் பற்களுக்கிடையே மூச்சை இழுத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, "எட்டு மணி... சொட்டோ..." என்றார். சொட்டோ என்றால் 'கொஞ்சம்' என்று பொருள். கொஞ்சம் என்ன? கொஞ்சம் காத்திருக்க வேண்டுமா, கொஞ்சம் கூடுதலாகப் பணம் தர வேண்டுமா? வாக்கியத்தின் மீதியை அவர் சொல்வார் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரோ நான் புரிந்துகொண்டு போய்விடுவேன் என்று நின்றார். அந்த வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது என்பதும், முடிக்காமல் விடுவதே மறுப்பு என்பதும் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. இத்தகைய இடங்களில் மறுமொழிக்காக வற்புறுத்துவது, மென்மையாகச் சொன்ன ஒன்றைக் கடுமையாகச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதாகும். இப்போதெல்லாம் தயக்கத்தைக் கண்டவுடன் நானே முந்திக்கொண்டு, "பரவாயில்லை, ஆறு மணிக்கே வருகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். எதிரில் இருப்பவரின் தோள்கள் தளர்வதைக் கண்ணால் காணலாம்.

பல்கேரியாவில் சிக்கல் வேறு வகையானது. அங்கே மரபாகத் தலையை மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை', பக்கவாட்டில் அசைத்தால் 'ஆம்'. இதைத் தெரிந்துகொண்டு போனேன்; ஆனாலும் சோஃபியா நகரில் தவறான பேருந்தில் ஏறினேன். அயல்நாட்டவரைக் கண்டதும் அவருடைய வசதிக்காகச் சிலர் வழக்கத்தை மாற்றிக்கொண்டு அசைக்கிறார்கள். அந்த ஓட்டுநர் எதைச் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலையைப் பார்க்காமல் 'தா' என்கிறாரா 'நே' என்கிறாரா என்று வாயைக் கவனிப்பதே அங்கே பிழைக்கும் வழி. கைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கிரேக்க நாட்டில் விரல்களை விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேராக நீட்டுவது மூட்ஸா எனப்படும் பழைய வசவு. கடையில் ஐந்து வேண்டும் என்று காட்ட நினைப்பவர் வாயால் சொல்லிவிடுவதே மேல்.

இதுவரை கூறியவை எல்லாம் மன்னிக்கப்படும் பிழைகள். சட்டமே காவல் நிற்கும் வழக்கங்கள் வேறு. பயணத் திட்டம் போடும்போது முதலில் பிரித்தறியவேண்டியவை அவை. தாய்லாந்தில் நாள்தோறும் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் நாட்டுப்பண் ஒலிக்கிறது. அப்போது அனைவரும் அசையாமல் நிற்கிறார்கள். பாங்காக்கின் லும்பினி பூங்காவில் ஒரு மாலை நான் ஏரிக்கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கானவர்கள் ஓடிக்கொண்டிருந்த பாதை திடீரென்று உறைந்தது. ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே, வியர்வை சொட்டச் சொட்ட, கைகளைத் தொங்கவிட்டு நின்றார்கள். ஒலிபெருக்கியின் பாட்டை நான் ஏதோ விளம்பரம் என்று எண்ணிப் பத்துப் பதினைந்து அடிகள் நடந்துவிட்டேன். அந்தப் பூங்காவில் பெரிய நீர் உடும்புகள் உண்டு. அந்தக் கணத்தில் அங்கே நடமாடியவை ஓர் உடும்பும் நானும் மட்டுமே என்பதை உணர்ந்ததும் நானும் நின்றேன். உடும்பு நிற்கவில்லை. பாட்டு முடிந்த மறுநொடியே ஓட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூங்காவில் தடுமாறிய அயலவரைப் பொறுத்துக்கொள்வார்கள். அரச குடும்பத்தைப் பற்றிய பேச்சில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்கக் கூடாது. தாய்லாந்துக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு, மன்னரை இழிவுபடுத்தும் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கிறது; அயல்நாட்டவருக்கு விலக்கு இல்லை. பணத்தாளில் மன்னரின் உருவம் இருப்பதால், காற்றில் பறக்கும் தாளைக் காலால் மிதித்து நிறுத்தும் பழக்கத்தைக்கூட அங்கே விட்டுவிட வேண்டும். மின்சிகரெட்டுகளை அந்நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு 2014 முதல் தடை இருக்கிறது. சிங்கப்பூர் 1992 முதல் சூயிங்கம் இறக்குமதியைத் தடுத்துவைத்திருப்பது பலரும் அறிந்ததுதான்; உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை நாமே உரிய இடத்தில் கொண்டுவைப்பது 2021 முதல் கட்டாயம் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒருவரை அனுமதியின்றிப் படம் எடுப்பது வழக்குவரை போகக்கூடும். ஒரு நாட்டுக்குப் புறப்படுமுன் பத்து மரியாதைகளைப் படிக்க நேரமில்லாவிட்டாலும், எவையெல்லாம் அங்கே தண்டனைக்குரியவை என்பதை மட்டுமாவது படித்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

படம் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால் கியோட்டோவையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கியோன் வட்டாரத்தில், பணிக்கு விரைந்து செல்லும் கெய்ஷா எனப்படும் மரபுக் கலைஞர்களையும், மைக்கோ எனப்படும் பயிற்சிநிலைப் பெண்களையும் பயணிகள் சூழ்ந்துகொண்டு படமெடுத்ததும், அவர்களுடைய உடையைப் பிடித்து இழுத்ததும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அதன் விளைவாக, தனியாருக்குச் சொந்தமான சில சந்துகளுக்குள் பயணிகள் நுழைவதே 2024-இல் தடை செய்யப்பட்டது; மீறுவோரிடம் 10,000 யென் வசூலிக்கப்படும் என்று பலகை வைத்தார்கள். பின்னால் வருபவர்களுக்கு அந்தச் சந்துகளை மூடியவர்கள் முன்னால் சென்ற பயணிகளே. முகம் தெரியும்படி ஒருவரைப் படமெடுக்க நினைத்தால் கருவியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணால் கேட்பதும், மறுத்தால் சிரித்து நகர்வதும், எடுத்தபின் அவரிடம் காட்டுவதும் என் வழக்கம். காட்டும்போது சிலர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு இன்னொன்று எடுக்கச் சொல்வதும் உண்டு.

பணம் கொடுப்பதில்தான் நான் வெவ்வேறு நாடுகளில் நேர் எதிரான பிழைகளைச் செய்திருக்கிறேன். தக்காயாமாவில் ஒரு சிற்றுணவகத்தில் உணவு நன்றாக இருந்தது என்று 500 யென் நாணயத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். பரிமாறிய இளைஞர் தெருமுனைவரை ஓடிவந்து, நான் மறந்துவிட்டேன் என்று எண்ணி, இரு கைகளாலும் அதை என்னிடம் நீட்டினார். அதற்குச் சில மாதங்கள் கழித்து அமெரிக்காவில் ஓர் உணவகத்தில், அந்த நினைவிலேயே, ரசீதில் எழுதிய தொகையை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்தேன். பரிமாறிய பெண்மணி வாசல்வரை வந்து, தம் பணியில் ஏதேனும் குறை இருந்ததா என்று கேட்டார். ஓரிடத்தில் விட்டுவந்த பணத்தோடு வந்தார்கள். மற்றோரிடத்தில் விடாத பணத்துக்காக வந்தார்கள். அமெரிக்காவில் அன்பளிப்பு பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டரசுச் சட்டப்படி, 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான், பல மாநிலங்கள் கூடுதலாகத் தரச் சொல்கின்றன. ஆகவே அங்கே உணவுத் தொகையில் 15 முதல் 20 விழுக்காடுவரை விட்டுவருவது தாராள குணத்தின் அடையாளம் அன்று. அது ஒருவருடைய சம்பளத்தின் பகுதி. அந்த முறை சரியா என்று எனக்கும் கேள்வி உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கான விலையைப் பரிமாறியவர் கொடுக்கவேண்டியதில்லை.

ஜெர்மனியில் 31 யூரோ ரசீதுக்கு 50 யூரோத் தாளை நீட்டி 'டாங்கே' என்றேன்; நன்றி என்ற பொருளில்தான். பணியாளர் முகம் மலர நன்றி கூறித் தாளை மடித்து வைத்துக்கொண்டார். பணத்தைக் கொடுக்கும்போது சொல்லும் அந்த நன்றிக்கு 'மீதி உங்களுக்கே' என்பது அங்கே பொருள். கொடுக்க விரும்பும் மொத்தத் தொகையை, எடுத்துக்காட்டாக 34 என்று, சொல்லி நீட்டினால் மீதியைத் திருப்பித் தருவார்கள். 19 யூரோவுக்குக் கற்ற பாடம் என்பதால் மறக்கவில்லை.

ஈரானின் தஆரோஃப் என்ற உபசார வழக்கம் இவை அனைத்தையும்விட நுட்பமானது. இஸ்ஃபஹானில் வாடகைக் காரிலிருந்து இறங்கி எவ்வளவு என்று கேட்டபோது, ஓட்டுநர் மார்பில் கைவைத்து, "காபெல் நதாரே" என்றார். உங்களுக்கு முன்னால் இது ஒரு பொருட்டே அல்ல என்பது அதன் கருத்து. ஈரானியரின் விருந்தோம்பலைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்ததால் நான் நெகிழ்ந்துபோய், நானும் மார்பில் கைவைத்து நன்றி சொல்லிவிட்டு, பணப்பையை உள்ளே வைத்துக்கொண்டு நடந்தேன். ஐந்தாறு அடிகள் சென்றபின் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. திரும்பினேன். ஓட்டுநர் என்னைவிட அதிகமான கூச்சத்தோடு, தரையைப் பார்த்துக்கொண்டே தொகையைச் சொன்னார். எங்கள் இருவரில் யார் முகம் அதிகம் சிவந்தது என்று சொல்வது கடினம்.

அன்று இரவு விடுதிக்காரர் எனக்கு விளக்கினார். பணத்தை வேண்டாம் என்று மறுப்பது பொருளையோ சேவையையோ தருபவருடைய கடமை, வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்துவது அதைப் பெறுபவருடைய கடமை. இரண்டு மூன்று முறை இந்த ஆட்டம் நடந்தபின்னர்தான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்ற அழைப்பையும் அப்படியே முதலில் பணிவாக மறுக்க வேண்டும். மீண்டும் மீண்டும் அழைத்து, நாளும் நேரமும் முகவரியும் சொல்லிவிட்டால் அது மெய்யான அழைப்பு. அதை மறுத்தால்தான் வருத்தம். மேலும், அங்கே விலையைத் தோமானில் சொல்வார்கள், தாளில் இருப்பதோ ரியால். ஒரு தோமானுக்குப் பத்து ரியால். எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த மறுப்பும் வற்புறுத்தலும் பொய் நாடகமாகத் தோன்றலாம். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது. ஒரு வாரம் அதில் பங்கெடுத்தபின், பணத்தைப் பற்றிப் பேசுவதற்குமுன் மனிதரை மதித்துவிட்டுப் பேசுகிறார்கள் என்றே பட்டது.

பிழை நேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். செய்துகொண்டிருப்பதை உடனே நிறுத்திவிட வேண்டும். அந்நாட்டு மொழியில் மன்னிப்புக் கேட்கும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அதோடு விட்டுவிட வேண்டும். நீண்ட விளக்கம் கொடுத்தால், நம்மைத் தேற்றவேண்டிய பொறுப்பும் அவர்கள் தலையில் விழுகிறது. நான் எந்த நாட்டுக்குப் போனாலும் வணக்கம், நன்றி, மன்னிக்க வேண்டும் ஆகிய மூன்றையும் உள்ளூர் உச்சரிப்பில் பழகிக்கொள்கிறேன். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணி, ஓட்டையில்லாத காலுறை, வழிபாட்டிடங்களுக்காகத் தோளையும் முழங்காலையும் மறைக்க ஒரு மெல்லிய துணி ஆகியவை என் பையில் எப்போதும் இருக்கும். காலுறை ஓட்டையைப் பற்றி நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. ஒரு நாளில் ஆறு முறை காலணியைக் கழற்றவேண்டிய நாட்டில் அது ஒரு பெரிய விஷயம்.

எத்தியோப்பியாவில் நடந்தது முன்கூட்டிப் படித்திருந்தும் ஏமாந்த கதை. தானா ஏரிக்கரையில் உள்ள பஹிர் தாரிலிருந்து அடிஸ் அபாபாவுக்குப் பேருந்துச் சீட்டு எடுத்திருந்தேன். எத்தியோப்பிய நாட்காட்டி நம் கையில் இருக்கும் நாட்காட்டியைவிட ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கியது, அதில் பதின்மூன்று மாதங்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் சீட்டில் எழுதியிருந்த தேதியை இரண்டு முறை சரிபார்த்தேன். மணியைச் சரிபார்க்கவில்லை. பன்னிரண்டு மணி என்று இருந்ததால் நண்பகலுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பேருந்தும் இல்லை, பயணிகளும் இல்லை. ஒரு முதியவர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எத்தியோப்பியர்கள் பகலை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் கணக்கில் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம்முடைய காலை ஆறு அவர்களுடைய பன்னிரண்டு. பேருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டுப் போய்விட்டிருந்தது. அங்கே எந்த நேரத்தைக் கேட்டாலும் அது ஹபெஷா நேரமா, ஃபெரெஞ்சி நேரமா, அதாவது உள்ளூர்க் கணக்கா வெளிநாட்டார் கணக்கா என்று சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

தலையைத் தொங்கவிட்டு விடுதிக்குத் திரும்பிய என்னை அங்கிருந்த அம்மாள் காப்பிக்கு உட்காரச் சொன்னார். அது ஒரு கோப்பைக் காப்பி என்று நினைத்தேன். அவர் தரையில் பசும்புல்லைப் பரப்பினார். பச்சைக் காப்பிக்கொட்டைகளைக் கழுவி, கரியடுப்பின்மேல் வைத்த தட்டையான சட்டியில் இட்டு, கருமை கலந்த பழுப்பாகும்வரை கிளறினார். புகை எழும் சட்டியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவந்தார். கையால் அந்தப் புகையை முகத்தின் பக்கம் வீசி முகர்ந்து பாராட்ட வேண்டும். பின்னர் இடித்து, ஜெபெனா என்ற நீண்ட கழுத்துள்ள மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சிறு கோப்பைகளில் உயரத்திலிருந்து ஒழுங்கான தாரையாக ஊற்றினார். முதல் கோப்பை வந்துசேர முக்கால் மணி நேரமாயிற்று. குடித்தேன், அபாரமாக இருந்தது, நன்றி சொல்லிவிட்டு, புதிய சீட்டு வாங்கப் போகலாம் என்று எழுந்தேன்.

பேச்சு நின்றது. அம்மாள் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, மூன்று விரல்களைக் காட்டினாள். தக்காயாமாவின் சூப்புக் கிண்ணங்கள் என் நினைவுக்கு வந்தன. 'யிக்கிர்த்தா', மன்னிக்க வேண்டும், என்று சொல்லிவிட்டு மீண்டும் உட்கார்ந்தேன். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. அதே தூளில் மீண்டும் நீர் ஊற்றிக் கொதிக்கவைப்பதால் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட மென்மையாகிறது. பெரெக்கா என்றால் ஆசி. அதை வாங்காமல் எழுந்துபோவது சரியன்று. இடையிடையே அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தார்கள், தவறவிட்ட பேருந்தைப் பற்றி அவர்களிடம் மகள் சொன்னாள், அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செலவிட இயலாது என்றால் இத்தகைய அழைப்பைத் தொடக்கத்திலேயே காரணம் சொல்லி மறுத்துவிடலாம். அதற்கு அவர்கள் வருந்துவதில்லை. பாதியில் எழுவதுதான் கூடாது.

மூன்றாவது கோப்பைக்குப் பின்னர் மகள் என்னோடு நிலையத்துக்கு வந்து, மறுநாளுக்குச் சீட்டு வாங்கித் தந்தாள். அதிலும் பன்னிரண்டு மணி என்றே எழுதியிருந்தது. மறுநாள் இருட்டில் கதவு தட்டப்பட்டது. அம்மாள் ஒரு கையில் விளக்கும் மறு கையில் காகிதத்தில் சுற்றிய ரொட்டியுமாக நின்றுகொண்டு, "பதினொரு மணி" என்று தம் மொழியில் சொல்லி, எனக்கு ஐயம் வந்துவிடக் கூடாதே என்று என் கைக்கடிகாரத்தையும் தொட்டுக் காட்டினார். அதில் ஐந்து மணி ஆகியிருந்தது.